செயலி சொன்ன ஈரமும் ஆலோசகருக்கு வந்த வக்கீல் நோட்டீசும்

மாதவரத்தில் வசிக்கும் 41 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வேளாண்மையில் பி.எஸ்சி. முடித்தவர். செங்குன்றத்தில் ஓர் உரக்கடையில் 7 ஆண்டுகள் ஆலோசகராக இருந்ததால் சோழவரம், பொன்னேரி, மீஞ்சூர் வட்டார விவசாயிகள் பலருக்கும் பழக்கமானவர். 4 ஆண்டுகளுக்கு முன், வயலில் ஊன்றும் ஈரப்பதச் சென்சாரையும் அதனோடு இணைந்த கைப்பேசிச் செயலியையும் விற்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். ஒப்பந்தத்தில் ‘தற்சார்பு ஆலோசகர்’ என்று எழுதியிருந்தாலும், மாதம் 28,000 ரூபாய் நிலையான தொகையும், விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் கமிஷனும் கிடைக்கின்றன. செயலி தினமும் காலையில் விவசாயிக்கு “இன்று பாசனம் தேவையில்லை” என்பதைப் போல ஒரு செய்தி அனுப்பும். அதன் அடியில் ‘உங்கள் ஆலோசகர்’ என்று இவருடைய படமும் பெயரும் இருக்கும். அந்தச் செய்தியை இவர் எழுதுவதில்லை. போகும் முன் பார்ப்பதும் இல்லை.

போன கோடையில், மீஞ்சூர் அருகே ஒரு ஏக்கரில் சொட்டுநீர் போட்டுக் கத்தரி வைத்திருந்த பெரியவர் ஒருவர் இவரை அழைத்து, “பூமி காஞ்சு கெடக்குது மேடம், போன்ல மட்டும் ஈரம்னு வருது” என்றார். இவர் போய்ச் செடியருகே ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பார்த்தார். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தது. இலை விளிம்புகள் கருகியிருந்தன, சொட்டுவான்களைச் சுற்றி மண் வெள்ளை பூத்திருந்தது. அன்று மாலையே படங்களோடு ஏரியா மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார். “சிஸ்டம் சொல்றதையே ஃபாலோ பண்ணுங்க, விவசாயிகிட்ட வேற மாதிரி சொல்லி குழப்பாதீங்க” என்று பதில் வந்தது. இவரும் பெரியவரிடம் “இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டார். பூவும் பிஞ்சும் உதிர்ந்து, பயிர் தேறவில்லை.

இப்போது பெரியவரின் வழக்கறிஞர், இவரிடமும் நிறுவனத்திடமும் சேர்த்து 2,40,000 ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நிறுவனமோ, ஆலோசனை முழுவதும் தற்சார்பு ஆலோசகருடையது என்று எழுத்தில் கைவிரித்துவிட்டு, அதே வாரத்தில் இவருக்குப் புதிய ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியிருக்கிறது. இவர் 11 ஆண்டுகளாக எழுதிவந்த வயல் குறிப்பு நோட்டுகளை ‘சிஸ்டத்துக்குப் பயிற்சி கொடுக்க’ ஒப்படைக்க வேண்டும். வேலையை விட்டால் 2 ஆண்டுகளுக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆலோசனைத் தொழில் செய்யக் கூடாது, மீறினால் 5 லட்சம் ரூபாய். இவற்றோடு, சகோதரியின் சொற்களில், “இழப்பீடு பற்றி வழக்கமான ஒரு பத்தி”. கையெழுத்து போடலாமா, பெரியவரிடம் உண்மையைச் சொல்லலாமா, சொன்னது கருவியாக இருக்கும்போது தான் எப்படிப் பொறுப்பாக முடியும், எப்படியும் இந்தச் செயலிகள் எங்கள் தொழிலை முடித்துவிடப்போகின்றன, பிறகு போராடி என்ன பயன் என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் இணைத்திருந்த ஒப்பந்தப் படங்களையும் வாட்ஸ்அப் நகல்களையும் படித்தேன். நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. ஏனென்றால் உங்கள் அச்சமும் ஆபத்தும் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது 5 லட்சம் ரூபாய் நிபந்தனை. சட்டத்தின் முன் அது பெரும்பாலும் நிற்காது. நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன அந்த இழப்பீட்டுப் பத்தி நிற்கும். அதேபோல, “சொன்னது கருவிதானே” என்ற வாதத்தை நீங்கள் மலைபோல நம்பியிருக்கிறீர்கள். அது உங்களுக்குப் பாதி தூரம்தான் துணைக்கு வரும்.

சொன்னது கருவியா, நீங்களா?

சென்சார் தருவது ஓர் எண். அந்த எண்ணை “இன்று நீர் விட வேண்டாம்” என்று மாற்றுவது நிறுவனத்தின் மென்பொருள். அதைப் பெரியவர் நம்பியதற்குக் காரணம், அடியில் இருந்த உங்கள் முகம். செங்குன்றம் கடையில் மருந்து வாங்க வந்த நாளிலிருந்து உங்களை அறிந்தவர் அவர். நுகர்வோர் ஆணையத்தின் முன் இந்த மூன்றும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப்படும். தனக்கு இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் திறன் ஒரு தொழிலரிடம் உண்மையில் இருந்ததா, இருந்த திறனை அந்தச் சந்தர்ப்பத்தில் நியாயமான கவனத்தோடு பயன்படுத்தினாரா என்பதுதான் தொழில்சார் கவனக்குறைவுக்கு உச்ச நீதிமன்றம் ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் எடுத்துச்சொன்ன அளவுகோல். மருத்துவர் தொடர்பான வழக்கு என்றாலும் அளவுகோல் தொழிலர் அனைவருக்குமானது. எங்கள் வழக்கறிஞர் தொழிலை மட்டும் 2024 மே மாதம் அதே நீதிமன்றம் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. உங்களுக்கு அப்படிப்பட்ட தீர்ப்பு எதுவும் இல்லை என்பதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

“விவசாயம் வியாபாரம், அவர் எப்படி நுகர்வோர் ஆவார்” என்று நிறுவனம் உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது பழைய வாதம். தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக ஆந்திர விவசாயிகள் தொடுத்த வழக்குகளில், பிழைப்புக்காகப் பயிர் செய்யும் விவசாயி நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டது. விதை மாதிரியை எடுத்து வைத்துச் சோதனைக்கு அனுப்பவில்லையே என்று விவசாயியைக் குறை சொல்வதையும் அது ஏற்கவில்லை. “இந்தத் தொகைக்காக அவர் கோர்ட் செலவு செய்வாரா” என்ற உங்கள் கணக்கும் சரியில்லை. வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும் அவர் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணமே கிடையாது. தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவள்ளூரிலேயே, அவர் புகார் தரலாம். கோடை கழிந்து நாளாகிவிட்டது என்பதும் உதவாது. அவருக்கு 2 ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.

ஆலோசனையை இலவசமாகத்தான் தந்தோம் என்று நீங்கள் எழுதியிருப்பதும் திருத்தத்துக்கு உரியது. இலவசச் சேவை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்பது உண்மைதான். ஆனால் கருவிக்கும் ஆண்டுச் சந்தாவுக்கும் பணம் வாங்கிக்கொண்டு, கூடவே ஆலோசகர் வருவார் என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டிருக்கும்போது, ஆலோசனையின் விலையும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இங்கே உங்கள் கமிஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருத்தும் திறனும் தருவதே சாரமாக இருந்து, பொருள் விற்பனை அதற்கு ஒட்டாக மட்டும் அமைந்தால், அந்தத் தொழிலர் ‘பொருள் விற்பவர்’ ஆகமாட்டார் என்று சட்டத்தின் 2(37) பிரிவு ஒரு விலக்கு தருகிறது. கருவி ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கும்போது அந்த விலக்கு உங்கள் கையை விட்டு நழுவத் தொடங்குகிறது. ஊன்றும்போதும் பராமரிக்கும்போதும் கவனமாக இருந்தீர்களா என்ற கேள்வி விற்பவர் என்ற முறையில் உங்களை நோக்கித் திரும்பும். கமிஷன் தொகை சிறியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் வரும் பொறுப்பு அந்த அளவுக்குச் சிறியதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இனி உங்களுக்குச் சாதகமானது. சந்தையில் உள்ள ஈரப்பதச் சென்சார்களில் விலை குறைந்தவை பலவும் தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. மண்ணின் மின் பண்பை அளந்து, அதிலிருந்து ஈரத்தைக் கணக்கிடுகின்றன. மண்ணில் உப்பு ஏறியிருந்தால் அந்தக் கணக்கு பிசகி, உள்ளதைவிடக் கூடுதல் ஈரத்தைக் காட்டக்கூடும். நீங்கள் கண்ட வெள்ளைப் பூப்பும் கருகிய இலை விளிம்பும் உப்பைத்தான் சுட்டுகின்றன. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறியிருப்பதோ நேற்று இன்று தெரிந்த செய்தியில்லை. அரசு ஆய்வுகளில் பல பதிற்றாண்டுகளாகப் பதிவாகியிருப்பது. சென்னை நகரம் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளிலிருந்து குடிநீர் எடுத்த வரலாற்றில் வடசென்னைக்காரர்களாகிய நமக்கும் பங்கு உண்டு என்பது வேறு கதை. இப்படிப்பட்ட நிலத்தில் கருவியை விற்பவர், அந்த மண்ணுக்கென்று அளவைச் சரிபார்த்துத் தரவில்லை என்றால், உப்பு மண்ணில் கணக்கு தவறலாம் என்ற எச்சரிக்கையையாவது கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். போதிய எச்சரிக்கையும் பயன்பாட்டு விளக்கமும் இல்லாமையை உற்பத்தியாளரின் பொறுப்பாகச் சட்டத்தின் 84ஆம் பிரிவு குறிப்பிட்டுச் சொல்கிறது. நீங்கள் அனுப்பிய கையேட்டுப் படங்களில் உப்பு என்ற சொல்லே என் கண்ணில் படவில்லை.

அதில் ஒரு சிக்கலும் உண்டு. அதே சட்டத்தின் பொருள் பொறுப்பு, அதாவது குறையுள்ள பொருளால் வரும் தீங்குக்கான பொறுப்பு, பற்றிய அத்தியாயத்தில் ‘தீங்கு’ என்பதற்கான வரையறை வெறும் வணிக, பொருளாதார இழப்பை வெளியே தள்ளுகிறது. கருகிப்போன செடி சொத்துக்கு ஏற்பட்ட சேதமா, வராமல்போன விளைச்சல் வெறும் பொருளாதார இழப்பா என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் நிச்சயம் வாதிடுவார். அதனால் பெரியவர் தரப்பு சேவைக் குறைபாடு என்ற வழியைத்தான் முதன்மையாகப் பிடிக்கும். அந்த வழியில் நீங்களும் நிற்கிறீர்கள்.

நிற்கும் இடத்தில் உங்களுக்கு மிகப் பலவீனமானது எது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். தினச் செய்திகள் உங்களைக் கேட்காமல் போனவை. அவற்றுக்கு நீங்கள் விளக்கம் சொல்லிவிடலாம். வயலுக்கு நேரில் போய், மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு சொன்ன “இரண்டு நாள் பார்க்கலாம்” உங்கள் சொல். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சொன்னீர்கள், 28,000 ரூபாயில் ஓடும் குடும்பத்தில் அந்தப் பயம் எப்படிப்பட்டது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆணையம் கேட்கப்போவது இதைத்தான்: தெரிந்த பின்பும் ஏன் சொல்லவில்லை? அன்று மாலை மேனேஜருக்கு நீங்கள் அனுப்பிய செய்தியும் அவர் தந்த பதிலும் அதற்கு இருக்கும் ஒரே நேர்மையான விடை. அது உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதையும் காட்டும், சொல்லவிடாமல் தடுத்தது யார் என்பதையும் காட்டும். இரண்டில் முதலாவதற்கு அஞ்சி அந்த உரையாடலை அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. சான்றாக வருவதைத் தடுக்கும் எண்ணத்தோடு மின்னணுப் பதிவை அழிப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். அதற்கும் மேலாக, உங்களுக்கு இருக்கும் ஒரே துணையை நீங்களே அனுப்பிவைத்ததாகிவிடும்.

ஊழியரா, தற்சார்பு ஆலோசகரா?

ஒப்பந்தத்தில் ‘தற்சார்பு’ என்று எழுதிக் கையெழுத்து போட்டுவிட்டேன், இனி மாற்ற முடியாது என்று நினைக்கிறீர்கள். பெயர் வைத்ததால் மட்டும் உறவு மாறிவிடாது. உப்பளத்தில் ஆளுக்கொரு பாத்தி வாங்கிக்கொண்டு, எடுத்த உப்புக்கு இவ்வளவு என்று கூலி பெற்று, தேவைப்பட்டால் தாமே துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு உழைத்தவர்களையும் தொழிலாளர்கள்தான் என்று 1956இல் தாரங்கத்ரா கெமிக்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. என்ன வேலை என்பதை மட்டுமல்லாமல் அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிக் கட்டுப்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அங்கே கேள்வி. அதன் பிறகு வந்த தீர்ப்புகள், செய்யும் வேலை நிறுவனத்தின் தொழிலோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது, லாப நட்டம் யாருடையது என்பவற்றையும் சேர்த்துப் பார்க்கின்றன.

உங்கள் நிலையில் அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சாட்சி சொல்லப்போவது நிறுவனத்தின் செயலியேதான். காலை 8.30க்குள் செல்ஃபி வருகைப்பதிவு, வண்டி எங்கே நிற்கிறது என்ற இருப்பிடக் கண்காணிப்பு, ஒரு நாளைக்கு இத்தனை வயல் என்ற இலக்கு, விடுப்புக்கு மேனேஜரின் ஒப்புதல், நிறுவனப் பெயர் பொறித்த சட்டை, இவை எல்லாம் நீங்களே எழுதியவை. தன் விருப்பப்படி தொழில் செய்யும் ஆலோசகரை யாரும் நிமிடக் கணக்கில் பின்தொடர்வதில்லை. விவசாயியின் மண்ணைக் கண்காணிக்கப் போட்ட வலையில் ஆலோசகரும் சிக்கியிருக்கிறார்; ஆனால் அந்த வலையின் பதிவுகள் இப்போது உங்கள் பக்கம் பேசக்கூடியவை. அவற்றைத் தாக்கல் செய்யும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட ஆணையத்திடம் கேட்கலாம். நீங்கள் ஊழியர் என்று முடிவானால், பணியின்போது செய்ததற்கு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின் ‘தொழிலாளர்’ வரையறையில் தொழில்நுட்பப் பணியும் இருக்கிறது என்பதால், திடீரென்று வேலையிலிருந்து நீக்கினால் அதை எதிர்க்கவும் வழியிருக்கிறது. அது தனி வழக்கு. இப்போதைக்கு மனத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

11 ஆண்டு நோட்டுகள்

இதைப் படிக்கும்போது எனக்கு உங்கள் மேல் மதிப்பு கூடியது. எந்தக் கிணற்று நீரில் எந்த மாதம் உப்பு ஏறுகிறது, எந்தத் தெருவில் யார் வயலில் நூற்புழு வந்தது, புயல் மழைக்குப் பிறகு எந்த வாய்க்கால் ஓரம் வேர் அழுகியது என்று தேதி போட்டு எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சென்சாரும் பின்னோக்கிப் போய் இதைச் சேகரிக்க முடியாது. நிறுவனம் அதைக் கேட்பதே அதன் மதிப்பை ஒப்புக்கொள்வதுதான். ஆனால் புதிய ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு ரூபாயும் போடவில்லை.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஊழியராகப் பணியின்போது எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். தற்சார்பாகத் தொழில் செய்பவர் எழுதியது அவருடையது. அதை மாற்றிக்கொடுக்க எழுத்தில் கையெழுத்து வேண்டும். இங்கே நீங்கள் ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். வழக்கில் நீங்கள் ஊழியர் என்று வாதிட்டு வென்றால், கடைசி 4 ஆண்டு நோட்டுகளின் மேல் நிறுவனம் உரிமை கேட்க அந்த வாதமே இடம் கொடுக்கும். அதற்காக அந்த வாதத்தைக் கைவிடச் சொல்லமாட்டேன். 2,40,000 ரூபாய்ப் பொறுப்பு முன்னால் நிற்கிறது. நோட்டு எழுதுவது உங்கள் பணிக்குறிப்பில் இல்லை, இரவில் வீட்டில் உட்கார்ந்து உங்கள் செலவில் எழுதியது என்பவை அந்த நேரத்தில் உதவும். உரக்கடைக் காலத்து 7 ஆண்டுகள் மீது இந்த நிறுவனத்துக்கு எந்தப் பிடியும் இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பதிப்புரிமை காப்பது நீங்கள் எழுதிய விதத்தை; ‘இந்தக் கிணற்றில் சித்திரையில் உப்பு’ என்ற செய்தியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஒருமுறை கொடுத்துவிட்டால் செய்தி போய்விடும், பிறகு உரிமையைப் பேசிப் பயனில்லை. ஆகவே கொடுப்பதென்றால், விற்பனையாக எழுதாமல், குறிப்பிட்ட பயனுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட தொகைக்கு அனுமதி என்று எழுத வேண்டும்.

நோட்டில் விவசாயிகளின் பெயர், கைப்பேசி எண், புல எண், சிலருடைய கடன் விவரம்கூட இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். “கருவியை நிறுவனம் விற்றது, ஆகவே தரவும் நிறுவனத்துடையது” என்று உங்கள் மேனேஜர் சொன்னதை நம்பாதீர்கள். 2023 எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடைமையைப் பற்றிப் பேசவே இல்லை; யார், எதற்காக, யாருடைய ஒப்புதலோடு பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கிறது. காகிதத்தில் எழுதிப் பின்னர் எண்ணிம வடிவத்துக்கு மாற்றிய தரவுக்கும் அது பொருந்தும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை காத்திருந்து கொடுக்கலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். உங்களை நம்பிக் கடன் கணக்கைச் சொன்ன அம்மா, அது ஒரு கணினிக்குள் போகும் என்று எண்ணிச் சொல்லியிருக்கமாட்டார். அந்தப் பக்கங்களை எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள்.

புதிய ஒப்பந்தத்தில் எதற்கு அஞ்ச வேண்டும்?

வேலையை விட்டபின் 2 ஆண்டுகள் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் முன் செல்லாது. பணியில் இருக்கும்போது போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யாதே என்று சொல்லலாம். போன பிறகு பிழைப்பைத் தடுக்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 5 லட்சமும் எழுதிவைத்ததால் மட்டும் கிடைத்துவிடாது. 74ஆம் பிரிவின்படி அது உச்சவரம்பு, அதற்குள் நியாயமான தொகையைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துப் போவது மட்டும் வேறு விஷயம். அதற்குத் தடை வாங்க முடியும். செங்குன்றம் காலத்திலிருந்தே உங்களுக்குத் தெரிந்தவர்கள் யார் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

‘வழக்கமான பத்தி’ என்று நீங்கள் கடந்துபோனதை நான் இரண்டு முறை படித்தேன். ஆலோசனை தொடர்பாக மூன்றாம் நபர் யார் எந்த இழப்பு கேட்டாலும், வழக்குச் செலவு உட்பட, நிறுவனத்துக்கு ஆலோசகர் ஈடு செய்வார் என்று அது சொல்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் எழுந்த கோரிக்கைகளும் அடங்கும் என்று ஒரு சிறிய தொடரும் உள்ளே இருக்கிறது. இப்படி ஈட்டுறுதி தருவதைச் சட்டம் அனுமதிக்கிறது. நோட்டீஸ் வந்த வாரத்தில் இந்த ஒப்பந்தம் வந்ததை நான் தற்செயலாகக் கருதவில்லை. நீங்கள் கையெழுத்து போட்டால், பெரியவருக்கு நிறுவனம் கொடுக்கும் தொகையை உங்களிடமே திரும்பக் கேட்க அதற்கு வழி திறக்கும். எனவே இப்போதுள்ள வடிவத்தில் கையெழுத்து வேண்டாம்.

வேலை வேண்டும் என்றால் எதிர் வரைவு ஒன்றைக் கொடுங்கள். அதில் முதன்மையானது: நீங்கள் பார்த்து ஒப்புதல் தராத எந்தச் செய்தியிலும் உங்கள் பெயரோ படமோ இருக்கக் கூடாது. அடுத்து, வயலில் கண்டதற்கும் செயலி சொல்வதற்கும் முரண்பட்டால் நீங்கள் கண்டதை விவசாயியிடம் சொல்லும் உரிமை, அதைச் செயலியிலேயே பதிவு செய்யும் வசதி. கருவியின் பிழையால் வரும் கோரிக்கைக்கு நிறுவனம் உங்களுக்கு ஈடு தர வேண்டும். அதாவது அவர்கள் எழுதிய பத்தியை அப்படியே திருப்பி எழுத வேண்டும். தொழில்சார் பொறுப்புக் காப்பீட்டின் பிரீமியத்தையும் அவர்களே கட்டட்டும். செயலி பரிந்துரைக்கும் பூச்சிமருந்துகள் சில கத்தரிக்கு லேபிளில் இல்லாதவை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவற்றை உங்கள் பெயரில் போகவிடுவதை இன்றே நிறுத்துங்கள். பூச்சிமருந்துகளுக்கு அனுமதி தரும் மத்தியப் பதிவுக் குழு அந்தப் பயிருக்கு அனுமதிக்காத மருந்தைப் பரிந்துரைத்துவிட்டு ஆணையத்தில் தற்காத்துக்கொள்வது மிகக் கடினம்.

இவற்றில் ஒன்றையும் அவர்கள் ஏற்காமல் உங்களை நீக்கவும் கூடும். அந்த வாய்ப்பு உண்மையானது. அதை மனத்தில் கொண்டு வீட்டில் பேசி முடிவெடுங்கள். தொழிலே முடியப்போகிறது என்ற கவலையில் மட்டும் எடுக்காதீர்கள். மழை வருமா, சந்தை விலை என்ன, மானியம் எப்போது என்ற கேள்விகள் ஆலோசகரிடமிருந்து போய்விட்டன என்பது உண்மை. 2004இல் வந்த கிசான் கால் சென்டரும் 2018இல் வந்த உழவன் செயலியும் அதைத் தொடங்கிவைத்தன, இனி வருபவை மீதியையும் எடுக்கும். ஆனால் கருவி தவறும்போது, தவறுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். மீஞ்சூர் வயலில் நீங்கள் தோண்டிய அந்த ஒரு சாணில் அதைக் கண்டுபிடித்தீர்கள். அதைச் சொல்லும் உரிமையோடு வேலை செய்ய விடும் இடம் எது என்பதை வைத்து உங்கள் அடுத்த வேலையைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியவை

நோட்டீசுக்கு நிறுவனத்தோடு சேர்ந்து ஒரே பதில் அனுப்பாதீர்கள். “நாங்களே எழுதித் தருகிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நலனும் அவர்கள் நலனும் எதிரெதிரானவை. ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் பேச முடியாது. தனியாக ஒரு வழக்கறிஞர் மூலம் நடந்ததை நடந்தபடி, தேதிவாரியாக எழுதுங்கள். இது வெளியாகும்போது நோட்டீசின் கெடு முடிந்திருந்தாலும் அனுப்புங்கள். மௌனத்தை ஒப்புதலாக வாதிட இடம் கொடுக்க வேண்டாம்.

பெரியவரிடம் உண்மையைச் சொல்லலாமா என்ற கேள்விக்கு என் பதில், சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் தொலைபேசியில் அழுதுகொண்டு வேண்டாம், உங்கள் பதில் நோட்டீஸ் வழியாகச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் ரகசியக் காப்பு நிபந்தனையைக் காட்டி மிரட்டினால் கலங்க வேண்டாம். சட்டபூர்வமான விசாரணை மன்றத்தில் உண்மையைச் சொல்வதைத் தனியார் ஒப்பந்தம் தடுக்க முடியாது. கைப்பணத்திலிருந்து அவருக்கு 50,000 ரூபாய் கொடுத்து முடித்துவிடலாம் என்ற உங்கள் எண்ணம் நல்ல மனத்திலிருந்து வந்தது, ஆனாலும் நிறுவனத்தை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் கொடுத்தால் முழுப் பொறுப்பையும் ஏற்றதாக வாசிக்கப்படும். புகார் பதிவான பிறகு சமரசத்துக்கு இடம் இருப்பதாகத் தெரிந்தால், இரு தரப்பும் இசைய, ஆணையமே அனுப்பிவைக்கும் சமரச மையத்தில், நிறுவனத்தையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

கைப்பேசியை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடல், செயலியின் தினச் செய்திகள், அன்று எடுத்த படங்கள் ஆகியவை நீதிமன்றத்தில் ஏற்கப்பட, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும்; வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினால் எதிர்த்தரப்பு அதையே முதல் ஆட்சேபமாக எழுப்பும். அந்த வயலின் மண்ணில் இருந்த உப்பை இடையில் பெய்த மழை கழுவியிருக்கக்கூடும். ஆழ்துளைக் கிணற்று நீரை இப்போது சோதித்தாலும் ஓரளவு பதில் கிடைக்கும். கூட்டாக மாதிரி எடுத்து அரசு ஆய்வகத்துக்கோ திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ அனுப்பச் சம்மதமா என்று உங்கள் பதிலிலேயே பெரியவர் தரப்பைக் கேளுங்கள்.

ஆணையத்திலிருந்து அறிவிப்பு வந்தால், பெற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் தாக்கல் செய்ய வேண்டும். கேட்டால் இன்னும் 15 நாட்கள் தரலாம். மொத்தம் 45 நாட்களைத் தாண்டி ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் உறுதி செய்துவிட்டது, ஆகவே தபாலைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

வழக்கறிஞர் கட்டணம் பற்றிக் கடைசியில் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்கு தொடுப்பதற்கு மட்டுமல்ல, தன் மேல் வந்த வழக்கை எதிர்கொள்வதற்கும் உண்டு. மாதவரத்திலிருந்து உயர் நீதிமன்ற வளாகத்துக்கு வந்தால், அங்கேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. நோட்டீஸ், இரண்டு ஒப்பந்தங்கள், கையேடு, நிறுவனம் அனுப்பிய கைவிரிப்புக் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்குப் பதிவு, ஆதார் நகல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். நோட்டுகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்த நாளுக்குரிய பக்கத்தின் நகலை மட்டும் கொண்டுபோனால் போதும்.